பீரோவுக்குள்ள ஒரு பீர் பாட்டில்: எதை அன்னைக்கே குடிக்கணும், எதைப் பூட்டி வைக்கலாம்?

போன வாரம் நம்ம மதுரைத் தம்பி ஒருத்தர் இன்பாக்ஸ்ல கேட்டிருந்தார்.

"சார், அண்ணன் பெல்ஜியத்துல இருந்து வரும்போது ரெண்டு பாட்டில் பீர் கொண்டு வந்தாரு. 10 சதவீதம் ஆல்கஹால்னு போட்டிருக்கு. ஸ்ட்ராங் பீர் பழசாகப் பழசாக நல்லா வரும்னு சொல்றாங்க. அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் பீரோவுல வச்சிரலாமா? நம்ம டாஸ்மாக் ஸ்ட்ராங் பீரையும் அப்படி வைக்கலாமா? அப்பாவுக்கு சுகர் இருக்கு, மாத்திரை சாப்பிடுறாரு. கொஞ்சூண்டுதான் குடிப்பாரு."

கடைசி ரெண்டு வரியை அவர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். எனக்கு அதுதான் முதல் வரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. குடிக்காதவர்கள் ஆரம்பிக்க வேண்டிய எந்த மருத்துவக் காரணமும் கிடையாது. பாதுகாப்பான குடி அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் தம்பி கேட்ட கேள்வி இருக்கிறதே, "எது புதுசா நல்லது, எது பழசா நல்லது", அது நம்ம ஊரில் ஏறத்தாழ ரெண்டாயிரம் வருஷப் பழைய கேள்வி. அதற்கு நம்ம ஆட்கள் அப்போதே பதில் வைத்திருந்தார்கள். கொஞ்சம் நீளமான த்ரெட். காபி எடுத்துக்கிட்டு வாங்க.

பீர் என்றால் என்ன? தானியத்தை முளைகட்ட வைத்து, அந்த முளையில் இருக்கும் என்சைம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க, அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹால் ஆக்குவது. வெள்ளைக்காரன் பார்லியில் செய்தான். நாம்?

பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒரு நூல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றி. அதில் மீன்பிடிக்கும் வலைஞர் குடியிருப்பு ஒன்று வரும். அங்கே ஒரு சமையல் குறிப்பே இருக்கிறது. தீட்டாத அரிசியைக் களியாகக் கூழ் காய்ச்சி, அகலவாய்ப் பாத்திரத்தில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். அதில் ஒரு அடையைக் கலக்கிறார்கள். பார்க்க புற்றுக்குள் கறையான் கட்டும் கூடு மாதிரி இருக்குமாம். அது முளைகட்டிய நெல்லை இடித்துச் செய்தது என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். பிறகு கெட்டியான வாய் உள்ள சாடியில் ரெண்டு பகல், ரெண்டு இரவு. பச்சை வாசனை போனதும் கையால் பிழிந்து, சுட்ட மீனோடு விருந்தாளிக்குக் கொடுக்கிறார்கள்.

முளை, கூழ், ஆறவைத்தல், சாடி, ரெண்டு நாள். இதற்குப் பெயர் பீர் இல்லாமல் வேறென்ன?

நான் கவனிக்கச் சொல்வது அந்த ரெண்டு நாளைத்தான். ஏன் பத்து நாள் இல்லை, ஒரு மாசம் இல்லை?

உங்க வீட்டுப் பழைய சோறுதான் இதற்கு விடை. ராத்திரி தண்ணி ஊற்றி வைத்தால் காலையில் நீராகாரம் அமிர்தம். எங்க அப்பத்தா மத்தியானம் வரைக்கும் அதை விடமாட்டார். அதே பானையை மூணாம் நாள் மோந்து பாருங்க, மாட்டுக்குத்தான் போகும். அரிசிக் கூழில் ஈஸ்ட் மட்டும் வேலை செய்வதில்லை. லாக்டிக் அமில பாக்டீரியாவும், காற்றுப் பட்டால் அசிட்டிக் அமில பாக்டீரியாவும் வரிசையில் நிற்கும். ஆல்கஹால் குறைவு, நம்ம ஊர் வெக்கை, மூணாம் நாலாம் நாள் அது காடி. அந்த வலைஞர் வீட்டு அம்மாவுக்குப் பாக்டீரியா என்ற பெயர் தெரியாது. எப்போது இறக்கணும் என்று தெரியும்.

பனங்கள்ளும் இதே கதைதான். பாளையில் இருந்து வடிகிற சாற்றைச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பிடித்தால் பதநீர், சுண்ணாம்பு இல்லாவிட்டால் மரத்திலேயே புளிக்க ஆரம்பித்துவிடும். காலையில் இறக்கியது சாயங்காலம் கடுக்கும், மறுநாள் வினிகர் வாடை. அதை யாரும் "பழசாக்கி" வைத்ததில்லை. (1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கி விற்பது தடை. ஆகவே யாரும் என்னிடம் "எங்க சார் கிடைக்கும்" என்று கேட்க வேண்டாம்.)

ஆக, அரிசிப் பீரும் பனங்கள்ளும் புதுசாகக் குடிப்பவை.

இப்போது மறுபக்கம். மதுரையில் இருந்து சிங்கம்புணரி போகிற பக்கம் பிரான்மலை தெரியுமா? சிவகங்கை மாவட்டம். பாரி ஆண்ட பறம்பு மலை இதுதான் என்கிறார்கள். அந்த நாட்டின் செழிப்பைக் கபிலர் சொல்கிற புறநானூற்றுப் பாட்டு ஒன்று இருக்கிறது, 120 ஆவது. வரகு, தினை, எள், அவரை என்று விளைச்சலை வரிசையாகச் சொல்லிவிட்டு, பூமிக்குள் புதைத்து முதிர வைத்த மதுவை எடுத்து வருவதைச் சொல்வார். புதைத்து வைத்தது!

திருமுருகாற்றுப்படையிலும் மலைபடுகடாத்திலும் இன்னொரு முறை. மலைக்குறவர்கள் தேனில் செய்த மதுவை மூங்கில் குழாய்க்குள் ஊற்றி நாள்கணக்கில் விளைய வைக்கிறார்கள்.

இந்த முதிர்ந்த வகைக்குப் பெயர் தேறல். தேறு என்றால் தெளி. கலங்கல் அடியில் படிந்து மேலே தெளிந்து நிற்பது தேறல். நாங்கள் ஆஸ்பத்திரியில் "பேஷண்ட் தேறிட்டார்" என்கிறோமே, அதே வினைச்சொல்தான். பழசாக்குவதில் என்ன நடக்கிறது என்பதை ஒரு சொல்லிலேயே வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

ஏன் தேன் மது தாங்குகிறது, அரிசி மது தாங்கவில்லை? தேனில் ஏறத்தாழ 80 சதவீதம் சர்க்கரை. தண்ணீர் அளவாகக் கலந்தால் ஈஸ்ட் 12, 14 சதவீதம் ஆல்கஹால் வரை கொண்டுபோகும். அந்த அளவில் கெடுக்கிற பாக்டீரியாவில் பெரும்பாலானவை சுருண்டுவிடும். மீதியிருக்கும் எதிரி காற்று. மூங்கில் குழாயின் வாய் குறுகல், அடைத்துவிடலாம். மண்ணுக்குள் புதைத்தால் வெளிச்சம் இல்லை, காற்று இல்லை, முக்கியமாகச் சூடு ஏறி இறங்குவதில்லை. சித்திரை வெயிலில் மேலே 40 டிகிரி கொதித்தாலும் ஆள் மட்டக் குழிக்குள் மண் அவ்வளவு அசையாது. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் அதுதான் நம்ம பாதாள அறை.

அந்தப் பழைய தேறல் சாதுவாக இருந்ததா? இல்லை. ஔவையார் ஒரு பாட்டில் நாள்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டுக்கு ஒப்பிடுகிறார். சிறுபாணாற்றுப்படை சீறுகிற பாம்புக்கு ஒப்பிடுகிறது. ரெண்டுமே எங்க எமர்ஜென்சி வார்டு கேஸ். மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே. ராத்திரி தேறல் குடித்த கூத்தர்களுக்கு விடிகாலையில் இருக்கும் தலைக்கிறுகிறுப்பைச் சொல்லிவிட்டு, அது தீர மான்கறி, முள்ளம்பன்றிக் கறி, புளி, மோர், மூங்கில் அரிசிச் சோறு என்று சாப்பாடு போடுகிறது. ஹேங்ஓவருக்கு உப்பும் நீரும் சோறும். இன்றைக்கும் இதற்கு மேல் எங்களிடம் பெரிய வைத்தியம் இல்லை.

மதுரைக்கு வருவோம். மதுரைக்காஞ்சியில் இந்த ஊர்க் கடைத்தெருவில் பறந்த கொடிகளைப் பற்றி மாங்குடி மருதனார் சொல்லும்போது கள்ளுக்கடைக் கொடியும் அதில் உண்டு. அது ஊர் ஜனத்துக்கு. அரண்மனைக்கு வேறு சரக்கு. இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டியனை நக்கீரர் வாழ்த்துகிற பாட்டில், யவனர்கள் கப்பலில் கொண்டு வந்த தேறலைப் பொன் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கச் சொல்கிறார். ஃபாரின் சரக்கு மோகம் புதுசில்லை தம்பி!

அது கவிஞரின் கற்பனை இல்லை. வைகை கடலில் சேருகிற அழகன்குளத்தில் தோண்டியபோது மத்தியதரைக்கடல் நாட்டு ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைத்தன. புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டிலும் கிடைத்தன. அங்கே கிடைத்தவற்றில் கிரேக்கத் தீவான காஸ் பாணி ஜாடிகளும் உண்டு. காஸ் திராட்சை மதுவின் விசேஷம், அதில் கடல் தண்ணீர் கலப்பார்கள். ரோமானியர் கேட்டோ அதற்குச் செய்முறையே எழுதி வைத்திருக்கிறார். உப்பு எதற்கு? கெடாமல் இருக்க. மாசக்கணக்கில் வெயிலில் ஆடி ஆடி வருகிற மது தாங்க வேண்டுமே. நம்ம பாண்டியன் பொன் கிண்ணத்தில் குடித்தது உப்பு ஒயினாகவும் இருந்திருக்கலாம்!

இனி ஒரு பெரிய தாவல், 18ஆம் நூற்றாண்டுக்கு.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு இங்கே பீர் வேண்டும். இங்கிருக்கும் சூட்டில் காய்ச்ச முடியவில்லை. லண்டனில் போ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலை, கப்பல் துறைக்குப் பக்கத்தில். கப்பல் கேப்டன்களுக்குக் கடனுக்குப் பீர் கொடுத்தார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை ரெண்டு தடவை கடந்து, நாலு முதல் ஆறு மாசம். சாதாரணப் பீர் வழியிலேயே புளித்துவிடும். ஹாப் பூவை அள்ளிப் போட்டு, ஆல்கஹாலும் தாராளமாக வைத்துச் செய்த பீர் மட்டும் தப்பித்தது. தப்பித்தது மட்டும் இல்லை, இங்கிலாந்து நிலவறையில் ரெண்டு வருஷம் கிடந்தால் வருகிற பக்குவத்தை, வெப்பக் கடலில் உருண்டு ஆறே மாசத்தில் அடைந்தது. 1820களில் பர்ட்டன் ஊர் ஆல்சாப் கம்பெனியும் இந்த வியாபாரத்தில் இறங்கியது. இதுதான் இந்தியா பேல் ஏல். ஐ.பி.ஏ.

வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு முதிர்ந்தால்தான் நல்லது என்று பேர் வாங்கிய அதே ஐ.பி.ஏ., இன்றைக்கு பெங்களூர் பப்புகளில் "எவ்வளவு புதுசோ அவ்வளவு நல்லது" வகை. இப்போது அதில் ஹாப்பின் வாசனைக்காகத்தான் காசு. அந்த வாசனை சில மாசத்தில் போய்விடும். பெயர் ஒன்று, சரக்கு வேறு.

மதராஸில் அந்தப் பீரைக் குளிர வைக்க அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் இருந்து பனிக்கட்டி கப்பலில் வந்தது. 1842ல் அதற்காகக் கட்டிய கட்டடம்தான் மெரினாவில் இருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அப்புறம் வெள்ளைக்காரன் புத்திசாலித்தனமாக மலைக்கே போய்விட்டான். ஊட்டியில் கேஸில் புரூவரி, 1857. இப்படித் தென்னிந்தியாவில் இருந்த சில ஆலைகளைச் சேர்த்து 1915ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யுனைடெட் புரூவரீஸ் ஆரம்பித்தார். கிங்ஃபிஷர் அந்த வம்சம்.

மலையில் செய்ததாலும் பக்கத்திலேயே விற்றதாலும் ஆறு மாசம் தாங்கும் பீருக்கு அவசியம் போய்விட்டது. நம்ம ஊர் பீர் லேகர் ஆனது. குளிரில் புளிக்க வைத்து, வடிகட்டி, பாட்டிலோடு சூடேற்றிக் கிருமி நீக்கி வருவது. உள்ளே உயிரோடு ஈஸ்ட் இல்லை. அதாவது முதிர வைக்க ஆள் இல்லை.

இதுதான் தம்பியின் ரெண்டாவது கேள்விக்குப் பதில். "ஸ்ட்ராங் பீர்" என்பது நம்ம நாட்டில் ஒரு சட்ட வகை. ஆல்கஹால் 5 சதவீதத்துக்கு மேல், 8 வரை. அவ்வளவுதான். தாங்கும் என்று அர்த்தம் இல்லை. டாஸ்மாக் ஸ்ட்ராங் பீர் அந்தக் காலத்து அரிசிப் பீரின் சொந்தக்காரன், தேறலின் சொந்தக்காரன் இல்லை. பீரோவில் வைத்தால் என்ன ஆகும்? பாட்டிலுக்குள் மிச்சமிருக்கும் துளி ஆக்சிஜன் மெதுவாக வேலை செய்து நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். பச்சை, வெள்ளை பாட்டிலில் வெயில் பட்டால் சில நிமிஷத்திலேயே ஹாப் உடைந்து ஒரு நாற்றம் வரும். பிரவுன் பாட்டில் அதைத் தடுக்கத்தான்.

அப்போ "டேட் முடிஞ்ச பீர் விஷமா?" என்று கமென்ட்ல கேட்பீங்க. இல்லை. பீரில் அமிலம், ஆல்கஹால், ஹாப், கார்பன் டை ஆக்ஸைடு எல்லாம் இருப்பதால் நோய்க்கிருமி வளர்வது கஷ்டம். ருசிதான் செத்துப்போகும். பழசானால் அதில் மெத்தனால் ஊறும் என்பதும் பொய். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது பழசான சரக்கு இல்லை, மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம். ரெண்டையும் குழப்பாதீங்க.

உண்மையிலேயே முதிர்கிற பீர் உண்டு. பார்லி ஒயின், இம்பீரியல் ஸ்டவுட், பெல்ஜியம் துறவி மடங்களின் கனமான கறுப்பு ஏல்கள். இங்கிலாந்தில் 1968ல் தாமஸ் ஹார்டி பெயரில் வந்த ஏல் ஒன்றை 25 வருஷம் வைக்கலாம் என்று அந்த ஆலையே சொன்னது. பொதுவான அம்சங்கள்: ஆல்கஹால் 8, 9க்கு மேல், நன்றாக வறுத்த மால்ட், மிச்சச் சர்க்கரை, பாட்டிலுக்குள்ளேயே உயிருள்ள ஈஸ்ட். நாலும் இருந்தால் காலம் அதைத் தேற்றும். ஆல்கஹால் மட்டும் இருந்தால் காலம் அதைக் கெடுக்கும். கோதுமை பீர், லேகர், வாசனை ஐ.பி.ஏ. எல்லாம் அன்னன்னைக்கு. கடலுக்கு அந்தப் பக்கம் நுவரெலியாவில் பிறந்த லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம், கறுப்பு மால்ட். நம்ம பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்தது என்றால் அதைச் சொல்லலாம். நம்ம ஊர் ஸ்ட்ராங் லேகரை அந்த வரிசையில் சேர்க்க முடியாது.

சரி, பெல்ஜியம் பாட்டில் அந்த நாலு பொருத்தமும் உள்ளதாகவே இருக்கட்டும். மதுரையில் பீரோ?

ஐரோப்பிய நிலவறை 12 டிகிரி. மேல்மாடி அறையில் வெயில் காலத்தில் பீரோவுக்குள் 37 தாண்டும். பத்து டிகிரி ஏறினால் ரசாயன வேகம் தோராயமாக ரெட்டிப்பாகும் என்பது பள்ளிக்கூட விதி. கணக்குப் போடுங்க, அஞ்சாறு மடங்கு. ரெண்டு வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக் கிழவன் ஆகிவிடும், அதுவும் நோய்வாய்ப்பட்ட கிழவன். வைத்தே ஆகணும் என்றால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், நிறுத்தி, இருட்டில். ஒரு பாட்டிலை இப்பவும் இன்னொன்றை அப்புறமும் திறந்து ஒப்பிடுவதுதான் பீர் பிரியர்கள் செய்வது.

இனி அந்தக் கடைசி ரெண்டு வரி.

முதிர்ந்த பீர் "ஸ்மூத்" ஆகும் என்பது உண்மை. கசப்பு மழுங்கும், காரம் அடங்கும். ஆனால் மூடிய பாட்டிலுக்குள் இருந்து ஒரு கிராம் ஆல்கஹால்கூட வெளியே போகாது. மழுங்கியது நாக்குக்குத்தான், கல்லீரலுக்கு இல்லை. 10 சதவீதம், 330 மில்லி என்றால் சுமார் 26 கிராம் ஆல்கஹால். நம்ம 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால் சுமார் 41 கிராம். 60 மில்லி விஸ்கி 20 கிராம். அதாவது ஒரு ஸ்ட்ராங் பீர் ரெண்டு லார்ஜுக்குச் சமம். ஓ.பி.யில் "குடிப்பீங்களா" என்று கேட்டால் "ச்சே, பீர் மட்டுந்தான் சார்" என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். பாதிப்பேர் நம்புவதில்லை, லேபிளைப் பார்த்துவிட்டு அடுத்த விசிட்டில் வந்து சொல்வார்கள். பீர் குடிச்சா கிட்னி கல் கரையும் என்பவர்களுக்குத் தனிப் பதிவு போடுகிறேன். கரையாது.

சர்க்கரை மாத்திரை எடுக்கும் அப்பாவுக்கு ரெண்டு விஷயம். கிளிமிபிரைடு வகை மாத்திரையோடு வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை அபாயமாக இறங்கலாம். கல்லீரல் ஆல்கஹாலைக் கவனிக்கும் நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை விடாது. அந்த மயக்கத்தைச் சுற்றியிருப்பவர்கள் "போதை" என்று விட்டுவிடுவார்கள், ஆபத்து அங்கேதான். மெட்ஃபார்மின் எடுப்பவர் நிறையக் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும் ஆபத்து, கல்லீரலோ கிட்னியோ பழுதாக இருந்தால் இன்னும் அதிகம்.

அதனால் தம்பியிடம் பாட்டில் லேபிள் போட்டோ கேட்கவில்லை. அப்பாவின் மாத்திரை அட்டை, எச்.பி.ஏ.1.சி., லிவர் ஃபங்ஷன் டெஸ்ட், கிரியேட்டினின், வயிற்று ஸ்கேன் கேட்டிருக்கிறேன். மாத்திரை அட்டை போட்டோ வந்துவிட்டது, கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. அப்பாவைப் பொறுத்தவரை இப்போதைக்கு என் பதில் "வேண்டாம்" என்று எழுதிவிட்டேன். "அப்போ ரெண்டு பாட்டிலையும் அண்ணனும் நானும்..." என்று ஆரம்பித்து ஒரு ஸ்மைலி போட்டிருக்கிறார். ரத்தப் பரிசோதனை திங்கட்கிழமை எடுக்கப் போறாங்களாம்.